ஒரு சாண் குடல்

பத்துமலையை ஏற்றிய ஆம்புலன்ஸ் ஜெலாப்பாங் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் ஷாமினிக்கு நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். நால்வரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: நம்ம பத்துமலைக்கு வயித்துல அரிவாள் ஏறிருச்சு, பீடோர் கிளினிக்கில கட்டுப் போட்டு உங்கிட்டதான் அனுப்புறாங்க, கொஞ்சம் சொல்லி வுடும்மா.

யாரிடம் சொல்ல வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் இரண்டாம் டிவிசன் இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. சனம் சுங்காய், பீடோர், ஈப்போ என்று பிரிந்து போனாலும் டிவிசன் பேரில் ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் கலையாமல் இருந்தது. அதில் இருநூற்றுச் சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து டாக்டருக்குப் படித்தது ஷாமினி ஒருத்திதான். பினாங்கில் யாருக்காவது பித்தப்பைக் கல் என்றாலும், கோலாலம்பூரில் யார் மகளுக்காவது பிரசவம் என்றாலும், ஜெலாப்பாங் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் இருக்கிற அவளுக்குத்தான் போன் வரும். "சரி, நான் பார்த்துக்கறேன்" என்பாள். பல நேரம் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டாலே அவர்களுக்குப் பாதி நோய் குறைந்துவிடும். வேறு விதமாகப் பதில் சொல்ல அவளும் பழகிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அவரை இறக்கினார்கள். நாற்பத்து மூன்று வயது. கறுத்து இறுகிய உடம்பு. தொப்புளுக்கு இடப்புறம், நான்கு விரல் கீழே, இரண்டு அங்குல அகலத்தில் காயம். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. நாடித்துடிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"எப்படிண்ணே ஆச்சு?"

"மட்ட ஒன்னு சிக்கிக்கிச்சு. இழுத்தேன். கழி கைய வுட்டு வழுக்கி, நுனியில கட்டியிருந்த அரிவாள் நேரா என்னப் பார்த்து வந்திருச்சு" என்றார் பத்துமலை. வலியிலும் சிரிக்கப் பார்த்தார். "இருபது வருசமா நான் குலைய வெட்டுனேன். இன்னிக்கு அது என்ன வெட்டிப் பார்த்திருக்கு லா."

அவருடைய மனைவி துளசியும் ஆம்புலன்ஸிலேயே வந்திருந்தாள். கணவன் வெட்டிப் போடுகிற குலைகளிலிருந்து உதிரும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறவள். வேலைக்குப் போட்ட முழுக்கைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஷாமினியின் முழங்கையைப் பிடித்துத் திரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெருசா கிழிப்பாங்களா?"

"இன்னும் தெரியாதுக்கா. பெரிய டாக்டர் வந்து பார்க்கணும்."

"நம்ம கனகராஜண்ணனுக்கு இவ்ளோ நீளம் கிழிச்சாங்க." துளசி தன் நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "தையல் ஆறுச்சு. ஆனா கழியத் தூக்குனா வயிறு பிதுங்கிக்கிட்டு வருது. குத்தகைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? உக்காந்து பார்க்கிற வேல எங்கிட்ட இல்லய்யான்னுட்டான். இப்ப அவரு வீட்டுல கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டுக் கெடக்காரு. ஷாமினி, ஓட்ட போட்டு டிவியில பார்த்துக்கிட்டே செய்வாங்களாமே, அதச் செய்யச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"சரிக்கா. சின்ன ஓட்டைதான். நான் பார்த்துக்கறேன்."

பெரிய டாக்டர் அப்போது இன்னும் வார்டிலிருந்து இறங்கியிருக்கவில்லை.

அவர் டாக்டர் ராமசுப்பிரமணியன். செட்டிநாட்டுக் குடும்பம். தாத்தா காலத்திலேயே ஈப்போவுக்கு வந்து வீடு வாங்கி நிலைத்தவர்கள். அவசர அறுவையிலும் வயிற்றைத் திறக்காமல், துளை வழியாகச் செய்யக் கூடியதைத் துளை வழியாகவே செய்ய வேண்டும் என்று பத்து வருஷமாகப் பிடிவாதம் பிடித்து, அதை அந்த மருத்துவமனையில் நடைமுறையாக்கியவர். ஆனால் அதற்கென்று சில விதிகள் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் எல்லார் காதிலும் விழும்படி அவற்றைச் சொல்லுவார்.

"பிரஷர் விழுந்தா திறப்பேன். ரத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியலன்னா திறப்பேன். குடல் முழுக்கக் கண்ணால பார்க்க முடியலன்னாலும் திறப்பேன். சின்ன ஓட்டை நோயாளியோட சுகத்துக்கு. நம்ம பெருமைக்கு இல்ல."

"வயிறு திறக்கிற பெரிய செட் ரெடியா இருக்கு டாக்டர்" என்றார் கருவி எடுத்துக் கொடுக்கும் மூத்த தாதி கலாதேவி. அவரும் ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லுவார்.

தொப்புள் ஓரமாக ஒரு துளை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பினதும் அது கூடாரம் போல எழும்பி நின்றது. தொப்புள் வழியாகக் கேமரா இறங்கியது. கேமராவைப் பிடித்திருந்தது ஷாமினி. டாக்டரின் இரண்டு கைகளிலும் நீளமான பிடிகருவிகள். மூன்று பேரும் பார்த்தது நோயாளியை அல்ல, எதிரே இருந்த திரையை.

அரிவாளின் நுனி உள்ளே போயிருந்தது உறுதியானது. சிறுகுடலில் ஒரு வளைவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறிய இரண்டு ஓட்டைகள். டாக்டர் இரண்டையும் உள்ளேயே தைத்து மூடினார். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். வேறெங்காவது கிழிந்திருக்கிறதா என்று சிறுகுடலை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தாக வேண்டும். ஒரு கருவி ஒரு சாண் குடலைத் தூக்கிக் காட்டும். புரட்டி மறுபக்கமும் காட்டும். பிறகு அடுத்த கருவியிடம் கொடுக்கும். ஒவ்வொரு சாணுக்கும் கேமரா பிடிக்கிறவர் "பார்த்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஜோடிக் கண்ணை டாக்டர் நம்புவதில்லை.

"பார்த்தாச்சு... பார்த்தாச்சு... பார்த்தாச்சு..."

பாதி தூரம் போனபோது லென்ஸ் மங்கியது. ஷாமினி கேமராவை வெளியே எடுத்து வெந்நீரில் கழுவித் துடைத்து மறுபடி உள்ளே விட்டாள். அதற்குள் பிடியிலிருந்த குடல் நழுவி மற்றதோடு கலந்துவிட்டது. டாக்டர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னொரு தடவ தொலஞ்சா நான் திறந்துடறேன்" என்றார் டாக்டர் ராமசுப்பிரமணியன்.

இன்னொரு தடவையும் லென்ஸ் மங்கியது. ஏறத்தாழ அதே இடம்தான். லென்ஸ் மங்குவதற்குச் சற்று முன்பு குடலைத் தாங்குகிற சவ்வில் ஒரு சின்ன ரத்தக்கட்டு இருந்ததை ஷாமினி கவனித்திருந்தாள், மொச்சைக் கொட்டை அளவில். கேமராவைத் துடைத்து உள்ளே விட்டபோது டாக்டரின் கருவி ஒரு வளைவைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதன் சவ்வு சுத்தமாக இருந்தது. ரத்தக்கட்டு மறுபக்கம் இருக்கலாம். கழுவிய தண்ணீரில் கரைந்தும் போயிருக்கலாம்.

"இங்கதானே விட்டோம்?"

கலாதேவியின் கை பெரிய செட்டின் மேல் மூடியிருந்த பச்சைத் துணியில் இருந்தது. துளசி தன் வயிற்றில் போட்டுக் காட்டிய கோடு ஷாமினிக்கு நினைவுக்கு வந்தது. யோசிக்க இரண்டு விநாடிதான் இருந்தது.

"ஆமா டாக்டர்."

"இந்தப் பக்கம்?"

"பார்த்தாச்சு."

மீதியையும் பார்த்து முடித்தார்கள். வேறு ஓட்டை எதுவும் தென்படவில்லை. வெளியே வந்து துளசியிடம் ஷாமினி சொன்னாள்: "மூணு துளைதான்க்கா." துளசி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை பத்துமலை தானாகவே எழுந்து கழிப்பறைக்கு நடந்தார். துளசி அவருடைய வயிற்றைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். கறுத்த வயிற்றில் மூன்று பிளாஸ்டர், அரிவாள் குத்திய இடத்தில் ஒரு கட்டு. மத்தியானத்துக்குள் எண்பத்தேழு பதில்கள் வந்தன. 'இதுக்காடா ஆம்புலன்ஸ்ல போன' என்று ஒருவர். 'மூணு கொசு கடிச்ச மாதிரி இருக்கு' என்று இன்னொருவர். 'நம்ம ஷாமினி கை பட்டா சும்மாவா' என்று பலர். சாமி படம், பூங்கொத்துப் படம். ஷாமினி எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை அவருக்குக் காய்ச்சல் முப்பத்தெட்டரை. நாடித்துடிப்பு நூற்றுப் பதினாறு.

"வலி இருக்கா?" என்று கேட்டார் டாக்டர் ராமசுப்பிரமணியன்.

"இல்ல டாக்டர். சுகமா இருக்கேன். எப்ப வீட்டுக்குப் போலாம்?"

டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். பத்துமலை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முகத்தில் எந்த அசைவும் இல்லை.

"சிகரெட்டு எத்தனை?"

"ஒரு நாளைக்கு ஒரு பெட்டி."

"நுரையீரலாத்தான் இருக்கும். அடியில சளி கட்டியிருக்கும். மூச்சுப் பயிற்சி கொடுங்க, நெஞ்சுப் படம் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பிறகு ஷாமினிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "குடல் முழுக்கப் பார்த்துட்டோம். இல்லன்னா எனக்கு வேற மாதிரி தோணியிருக்கும். ஸ்கேன் எடுத்தாலும் இப்ப குழப்பம்தான். நாம ஊதுன வாயு மிச்சம் இருக்கலாம், கிழிசல்லேருந்து வந்த காத்தாவும் இருக்கலாம். நாளைக்குக் காலையில பார்ப்போம்."

நாளைக்குக் காலை என்பது இன்னும் இருபத்து நான்கு மணி நேரம். ஷாமினி பத்துமலையின் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பன்னிரண்டு கட்டில்களையும் சுற்றி வந்தாள். வாயைத் திறக்க ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சமாதானமும் கிடைத்தது. ரத்தக்கட்டு கரைந்துதான் போயிருக்கும். அது நுரையீரலாகத்தான் இருக்கும். அவர் வலிக்கவில்லை என்கிறாரே, அப்புறம் என்ன?

மத்தியானம் இரண்டு மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போகிற வண்டி அந்த நேரம் பார்த்துப் பத்துமலையின் கட்டில் காலில் மோதியது. லேசான மோதல்தான். கட்டில் ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. ஆனால் பத்துமலையின் உதடு வெளுத்தது. இரண்டு கைகளும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தன. கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை.

"வலிக்குதுல்லண்ணே?"

"இல்ல."

"பொய் சொல்றீங்க."

துளசி பக்கத்தில் இருக்கிறாளா என்று அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"நேத்து ராத்திரியிலேருந்து பயங்கர வலிம்மா. உள்ள நெருப்பு வச்ச மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏண்ணே காலையில டாக்டர்கிட்ட இல்லன்னீங்க?"

"குழுவுல எல்லாரும் உன்னத்தான் பேசுறாங்க. நம்ம புள்ள செஞ்சு வுட்டுச்சு, நம்ம புள்ள செஞ்சு வுட்டுச்சுன்னு. இப்பப் போயி நான் வலிக்குதுன்னா உனக்குல்ல கெட்ட பேரு? அந்தப் பெரிய டாக்டரு உன்ன ஏசுவாருல்ல? ரெண்டு நாளு பொறுத்துக்கிட்டா அடங்கிரும்னு பார்த்தேன். தாக் அப்பா லா, பரவால்ல, நீ யாருகிட்டயும் சொல்லாத."

ஷாமினி போர்வையை விலக்கி அவருடைய வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி இருந்தது. காலையில் டாக்டர் அழுத்தியபோது, இருபது வருஷம் கழி தூக்கிய தசையின் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ராமசுப்பிரமணியன் அப்போது கீழே வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி வெளியே வந்ததும், அடுத்தவரை நிற்கச் சொல்லிவிட்டு ஷாமினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒன்பதாம் கட்டில் பத்துமலைக்கு வயிறு இறுகிப் போச்சு டாக்டர். திறந்து பார்க்கணும்."

"காலையிலதானே நான் பார்த்தேன்?"

"வலிய மறைச்சிருக்காரு. அது மட்டும் இல்ல டாக்டர்." வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததை அப்படியே சொன்னாள். "செவ்வாய்க்கிழமை ரெண்டாவது தடவ லென்ஸ் மங்கினப்போ, விட்ட இடத்துலேருந்து நாம ஆரம்பிக்கல. நடுவுல ஒரு சாண் விட்டுப் போயிருக்கலாம். ஒரு ரத்தக்கட்டு பார்த்திருந்தேன், அப்புறம் அதைக் காணோம். நீங்க கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் ஆமான்னுட்டேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த சீட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"எதுக்கு?"

"இல்லன்னா திறந்துடுவீங்கன்னு."

"திறக்கறதுக்குத்தானே கேட்டேன்!" அவர் குரல் உயர்ந்து உடனே அடங்கியது. "அவர் உங்களுக்கு உறவா?"

"இல்ல டாக்டர். ஒரே டிவிசன்."

"அப்படின்னா?"

வெளியே அடுத்த எண்ணுக்கு மணி அடித்தது. டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"திரைய நானும்தான் பார்த்தேன். கருவி என் கையிலதான் இருந்துச்சு. சந்தேகம் வந்துதானே உங்களைக் கேட்டேன்? அந்தச் சந்தேகமே போதும், திறந்திருக்கணும். அது என் தப்பு, அதை நான் எழுதறேன். உங்க தப்பை நீங்க எழுதுங்க. இப்பவே, நேரம் போட்டு. எழுதி முடிச்சதும் தியேட்டருக்கு போன் பண்ணுங்க."

அவள் வார்டில் நின்றபடியே எழுதினாள். மூன்று வரிதான். முதலில் 'சரியாக நினைவில்லை' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு, 'சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை' என்று எழுதினாள். கோப்பில் எதை அடித்தாலும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. போட்டாள்.

மூன்றே முக்கால் மணிக்கு வயிற்றைத் திறந்தார்கள். இந்த முறை திரை கிடையாது, கேமரா கிடையாது. துளசி விரலால் காட்டிய அதே நீளத்துக்கு டாக்டரின் கத்தி இறங்கியது. வயிறு பிரிந்ததும் எழுந்த நாற்றத்தில் கலாதேவி ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாமினி வெட்டின் விளிம்பை இழுத்துப் பிடித்திருந்தாள். டாக்டர் குடலைக் கையால் எடுத்துச் சாண் சாணாக நகர்த்தினார். பாதி தூரத்தில் அவர் விரல் நின்றது. குடலும் சவ்வும் சேருகிற மடிப்பில், உளுந்து அளவில் ஒரு ஓட்டை. சுற்றிலும் மஞ்சளாகச் சீழ் படிந்திருந்தது. தைத்து மூடுகிற நிலையை அந்த இடம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தார். வயிற்றைப் பல தடவை கழுவினார். நல்ல முனையை வயிற்றுத் தோலில் ஒரு வாய் வைத்து வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை மாட்டினார். இந்த முறை அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் பத்துமலையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூச்சு இயந்திரத்தில் ஓடியது.

"அவங்க மனைவிகிட்ட நான் பேசறேன்" என்றார் டாக்டர் ராமசுப்பிரமணியன், கைகளைக் கழுவிக்கொண்டே.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க டாக்டர். ஏன்னு நான் சொல்றேன்."

அவர் முதலில் போய்ப் பேசினார். துளசி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவர் போனதும் ஷாமினி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். துளசி அவளைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"பெருசா கிழிச்சிட்டாங்களாமே. பை வேற மாட்டியிருக்காங்களாம். நீ உள்ள இருந்தியே, சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னதாலதான்க்கா திறந்தாங்க. முந்தாநாளே திறந்திருக்கணும். அன்னிக்குக் குடல்ல ஒரு இடம் விட்டுப் போச்சுன்னு எனக்குத் தோணுச்சு. டாக்டர் என்னைக் கேட்டாரு. பார்த்தாச்சுன்னு சொன்னேன். பார்க்கல. அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தா கிழிச்சிருப்பாங்க, ஆனா இந்தச் சீழ் இருந்திருக்காது. பையும் தேவைப்பட்டிருக்காது."

கேட்டது விளங்கத் துளசிக்கு நேரம் பிடித்தது.

"நான் கேட்டேன்னா அப்படிச் சொன்ன?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஷாமினியின் நாக்கு வரைக்கும் வந்தது அந்த வார்த்தை. சொன்னால் துளசிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

"நீங்க கேட்டது தப்பில்லக்கா. யாரும் கேக்கலாம். என்னால முடியாத ஒன்ன முடியும்னு நான்தான் சொன்னேன். உள்ள போயும் அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"வேற டாக்டரா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்" என்றாள் துளசி. அவள் கத்தவில்லை. "அவுங்க என்ன செய்யணுமோ அதச் செஞ்சிருப்பாங்க. நீ நம்ம புள்ளன்னுதானே கேட்டேன்."

"தெரியும்க்கா."

"பொழச்சிக்குவாரா?"

சரிக்கா, நான் பார்த்துக்கறேன். அதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருந்தாள்.

"தெரியாதுக்கா. இன்னும் ரெண்டு நாள் ஆபத்துதான். சீழ் ரத்தத்துல கலந்திருக்கு. மருந்து போயிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

துளசி மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதில் அவருடைய சட்டையும் பல் துலக்கும் பிரஷும் இருந்தன. தாதி கதவைத் திறந்து, ஐந்து நிமிஷம் பார்க்கலாம், இரண்டு பேர் வரலாம் என்றாள். ஷாமினி சுவரில் தொங்கிய மேலங்கிகளில் ஒன்றை எடுத்துத் துளசிக்குப் போட்டு, பின்னால் முடிச்சுப் போட்டாள். துளசி கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள். ஷாமினி தனக்கும் ஒன்றை எடுக்கக் கை நீட்டியபோது துளசி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ வர வேணாம். வெளிய நில்லு."

கதவு மூடிக்கொண்டது. ஷாமினி நின்றாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பீடோரிலிருந்து யாரோ. இரண்டாம் டிவிசன் ஆள்தான். அது ஓயும் வரைக்கும் காத்திருக்காமல் எடுத்தாள்.

"ஷாமினி, பத்துமலைக்கு மறுபடியும் ஆப்ரேசனாமே? என்னம்மா ஆச்சு? நீதானே பார்த்துக்கிட்ட?"

"ஆமா மாமா. நான்தான்" என்றாள். பிறகு, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்து, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத் தொடங்கினாள்.